குரூவ்பாக்ஸும் கம்ப்யூட்டர்தான்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவருக்கு முதலில் சொல்லித் தரப்படும் பாடம் எது? ஆன் செய்வதும் ஆப் செய்வதும் அல்ல. "டைப் செய்ததை அவ்வப்போது சேவ் செய்துகொள்ளுங்கள், கரண்ட் போனால் எல்லாம் போய்விடும்" என்பதுதான். இந்தப் பாடத்தை நாம் அனைவரும் ஒரு முறையாவது நான்கு பக்கக் கடிதத்தைப் பறிகொடுத்துத்தான் கற்றிருப்போம்.

கம்ப்யூட்டர் உலகமும் இதிலிருந்து பாடம் கற்றது. இன்று வேர்ட் தொகுப்பு தானாகவே பத்து நிமிடத்திற்கு ஒரு முறை மீட்புப் பிரதி ஒன்றை எடுத்து வைக்கிறது. தவறாக அழித்துவிட்டால் கண்ட்ரோல், இசட் கீகளை அழுத்தினால் போதும், அழித்தது திரும்பிவிடும். ஆனால் கம்ப்யூட்டரின் நெருங்கிய உறவினர் ஒருவர் இந்தப் பாடத்தை இன்னும் முழுதாகக் கற்கவில்லை. அவர் பெயர் குரூவ்பாக்ஸ்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் இசை அமைத்துப் பார்க்கும் ஆசை பலருக்கு உண்டு. கொஞ்ச நாளில் "மவுஸைப் பிடித்து இசை அமைப்பதாவது! தனிப் பெட்டியே வாங்கிவிடலாம்" என்று தோன்றும். அப்படி வாங்கி, மகிழ்ந்து, நொந்து போனவன் என்ற முறையில் என் கருத்துகளைச் சொல்கிறேன்.

குரூவ்பாக்ஸ் என்றால் என்ன?

மேசை மேல் வைக்கும் ஒரு பெட்டி. அதில் டிரம்ஸ் ஒலிகள், பேஸ் ஒலிகள், கீபோர்டு ஒலிகள் எல்லாம் உள்ளே இருக்கும். மேலே திருகுவதற்குச் சில குமிழ்களும் வரிசையாக 16 பட்டன்களும் இருக்கும். இந்த 16 பட்டன் வரிசைக்கு ஸ்டெப் சீக்வென்சர் என்று பெயர். ஒரு தாள வட்டத்தை 16 பங்காக வெட்டினால் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பட்டன். 1, 5, 9, 13 ஆகிய பட்டன்களை அழுத்தினால் டிரம் அந்த நான்கு இடங்களில் "டம், டம்" என்று அடிக்கும். பிளே பட்டனை அழுத்தினால் இது சுற்றிச் சுற்றி ஒலிக்கும். இப்படி ஒரு சுற்றுக்கு அமைத்ததைப் பேட்டர்ன் என்கிறார்கள். கீபோர்டு வாசிக்கத் தெரியாதவர்கூட ஐந்து நிமிடத்தில் ஒரு தாளத்தை உருவாக்கிவிடலாம். இதுதான் இதன் கவர்ச்சி.

இதன் கதை சுவையானது. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-இல் டிஆர்-808 என்ற தாள இயந்திரத்தையும், அடுத்த சில ஆண்டுகளில் டிபி-303 என்ற பேஸ் இயந்திரத்தையும் வெளியிட்டது. இரண்டுமே சில ஆண்டுகளில் நிறுத்தப்பட்டன. பழைய பொருளாக மலிவு விலைக்கு வந்த இந்தப் பெட்டிகளை அமெரிக்காவின் டெட்ராய்ட், சிகாகோ நகர இளைஞர்கள் வாங்கி, டெக்னோ, ஆசிட் ஹவுஸ் என்று புதிய நடன இசை வகைகளையே உருவாக்கிவிட்டார்கள். அந்த ஒலிகளுக்கு மவுசு ஏறிய பிறகு, 1996-இல் ரோலண்ட் எம்சி-303 என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. தாளம், பேஸ், கீபோர்டு எல்லாம் ஒரே பெட்டியில். "குரூவ்பாக்ஸ்" என்ற பெயர் அதற்கு வைக்கப்பட்டதுதான். பிறகு எல்லா நிறுவனப் பெட்டிகளுக்கும் அதுவே பொதுப்பெயர் ஆகிவிட்டது.

அதன் பின் கோர்க் நிறுவனத்தின் எலெக்ட்ரைப் வரிசை, ஸ்வீடனின் எலெக்ட்ரான் நிறுவனத்தின் டிஜிடாக்ட், நோவேஷனின் சர்க்யூட், ஏபிள்டன் நிறுவனம் 2024-இல் வெளியிட்ட மூவ் என்று பல பெட்டிகள் வந்துவிட்டன.

இவற்றை விற்பவர்கள் பெருமையாகச் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "கம்ப்யூட்டர் தேவையில்லை!" இங்குதான் எனக்குக் கருத்து வேறுபாடு. இன்றைய குரூவ்பாக்ஸைத் திறந்து பார்த்தால் உள்ளே பிராசஸர் இருக்கிறது, ராம் மெமரி இருக்கிறது, பிளாஷ் மெமரி இருக்கிறது, இவற்றை இயக்க ஒரு சாப்ட்வேரும் இருக்கிறது. இது கம்ப்யூட்டர் அல்லாமல் வேறென்ன? மானிட்டரும் கீபோர்டும் இல்லை, அவ்வளவுதான். எனவே ஒரு கம்ப்யூட்டரிடம் நாம் எதிர்பார்க்கும் குறைந்தபட்ச ஒழுக்கத்தை இதனிடமும் எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு.

இரண்டு விநாடியில் போன தவில்

சொந்த அனுபவம் ஒன்று. பெட்டியின் பெயர் வேண்டாம். வேலையில் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்து, சேமித்த பணத்தில் ஒரு குரூவ்பாக்ஸ் வாங்கினேன். வெளி ஒலிகளைப் பதிவு செய்து அதையே இசைக்கருவியாகப் பயன்படுத்தும் வசதி அதில் இருந்தது. இப்படிப் பதியும் சிறு ஒலித் துண்டைச் சாம்பிள் என்பார்கள்.

என் அக்காவின் கல்யாண வரவேற்பு. மாலை நான்கு மணிக்கே மண்டபத்திற்குப் போய்விட்டேன். தவில்காரர் ஓய்வாக இருந்தார். "ஐயா, கொஞ்சம் வாசிக்கிறீங்களா? இந்தப் பெட்டியில் பதிஞ்சுக்கிறேன்" என்று கேட்டேன். ஆர்வமாக வந்து உட்கார்ந்தார். வலந்தலை, தொப்பி என்று இரு பக்கமும் தனித்தனி அடிகளாக வாசித்துக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் ஒரு பட்டனில் வைத்தேன். இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து, அவருடைய அடிகளை வைத்து எட்டுப் பேட்டர்ன்கள் அமைத்தேன். கேட்ட அவருக்கும் ஒரே சிரிப்பு. "நான் இங்க உட்கார்ந்திருக்கேன், உள்ள ஒருத்தன் வாசிக்கிறான்!" என்றார்.

ஏழு மணிக்கு நிகழ்ச்சி. ஆறே முக்காலுக்குக் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் உடனே வந்துவிட்டது. இடைவெளி இரண்டு விநாடிகூட இருக்காது. விளக்குகள் எரிந்தன. என் லேப்டாப் எதுவும் நடக்காததுபோல் இருந்தது, அதில் பேட்டரி உண்டு. பெட்டி மட்டும் புதிதாகப் பிறந்த குழந்தைபோல் மறுபடி ஸ்டார்ட் ஆயிற்று. எட்டுப் பேட்டர்ன்களும் இல்லை. பதிந்த அடிகளும் இல்லை. நான் சேவ் செய்யவில்லை. அதுவும் தானாகச் செய்யவில்லை.

"தம்பி, என் அடி எங்க போச்சு?" என்று கேட்டார் தவில்காரர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சாப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான். அன்று பெட்டி மூடியே இருந்தது. அவர் மேடையேறி நேரிலேயே வாசித்தார்.

தவறு என்னுடையதுதான் என்று பலர் சொன்னார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரைத் தவறுதான் என்னுடையது. மனிதன் மறப்பான் என்று தெரிந்தும், மறந்தால் எல்லாம் போகும்படி ஒரு கருவியை அமைத்தது மீதி அரைத் தவறு.

ஏன் தானாகச் சேவ் செய்வதில்லை?

இதற்குத் தயாரிப்பாளர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. மேடையில் வாசிப்பவர் ஒரு பேட்டர்னைக் கண்டபடி மாற்றி விளையாடுவார். குமிழ்களை முழுவதும் திருகுவார். பிறகு ஒரே பட்டனில் பழைய நிலைக்குத் திரும்ப நினைப்பார். பெட்டி ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகவே சேவ் செய்துவிட்டால், திரும்புவதற்குப் பழைய நிலை இருக்காது. உண்மைதான்.

ஆனால் இதற்குத் தீர்வு கம்ப்யூட்டர் உலகில் எப்போதோ கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. நீங்கள் சேவ் செய்த பைலைத் தொடாமல், தனியாக ஒரு மீட்புப் பிரதி எழுதினால் போதும். கரண்ட் போய் வந்தால் "முன்பு விட்ட இடத்திலிருந்து தொடரலாமா?" என்று கேட்க வேண்டும். வேர்ட் செய்வது இதைத்தான்.

இடம் போதாதா? ஒரு கணக்குப் போடுவோம். 8 டிராக், ஒவ்வொன்றிலும் 64 ஸ்டெப், ஒரு ஸ்டெப்புக்குத் தாராளமாக 32 பைட் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு பேட்டர்னுக்கு 16 கிலோபைட்தான் ஆகும். செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவின் இடத்தில் இப்படி நூறு பேட்டர்ன்களை வைக்கலாம். சாம்பிள்கள் பெரியவைதான். ஆனால் அவை அடிக்கடி மாறுவதில்லை; பதிந்தவுடன் ஒரு முறை எழுதிவிட்டால் போதும்.

ஏபிள்டன் மூவ் பெட்டி செய்ததைத் தானாகவே சேவ் செய்துகொள்கிறது. செய்ததைத் திரும்பப் பெற அண்டூ பட்டனும் அதில் உண்டு. ஆக, செய்ய முடியாதது அல்ல. இது எல்லாப் பெட்டிகளிலும் வர வேண்டும் என்பதே என் முதல் கோரிக்கை.

மெமரி என்னும் கஞ்சத்தனம்

சி.டி. தரத்தில் ஸ்டீரியோ ஒலியைப் பதிந்தால் ஒரு விநாடிக்கு 1,76,400 பைட்கள் ஆகும். அதாவது ஒரு நிமிடத்திற்கு ஏறக்குறைய 10 மெகாபைட். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைப் படியுங்கள்.

கோர்க் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட வோல்கா சாம்பிள் என்ற சிறிய பெட்டியின் மெமரி 4 மெகாபைட். அதில் மொத்தம் 65 விநாடி ஒலிதான் வைக்க முடியும். அதற்குள் ஒலியைச் செலுத்தும் முறை இன்னும் வேடிக்கை. யு.எஸ்.பி. கிடையாது. ஆடியோ கேபிளில் "கீச் கீச்" என்ற ஓசையாக டேட்டாவை அனுப்ப வேண்டும். பழைய டயல்-அப் மோடம் கத்தியது நினைவிருக்கிறதா? அதேதான். 2020-இல் வந்த அடுத்த மாடலில் மெமரியை இரட்டிப்பாக்கி, யு.எஸ்.பி. வசதியும் கொடுத்தார்கள்.

2017-இல் வந்த டிஜிடாக்ட் மிகவும் புகழ்பெற்ற பெட்டி. அதில் ஒரு பிராஜெக்டுக்கு 64 மெகாபைட். ஒலி மோனோ மட்டும். 2024-இல் வந்த டிஜிடாக்ட் 2 மாடலில் இது 400 மெகாபைட் ஆகி, ஸ்டீரியோவும் வந்தது. முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் சாதாரண செல்போனிலேயே பல ஜி.பி. மெமரி இருந்த ஆண்டில் நடந்தது இது.

சின்ன மெமரியிலும் ஒரு நன்மை உண்டு என்பார்கள். 1988-இல் ரோஜர் லின் வடிவமைத்து அகாய் நிறுவனம் வெளியிட்ட எம்பிசி-60 பெட்டியில் சாம்பிள் நேரம் மிகக் குறைவு. அதனால் இசைக் கலைஞர்கள் ஒலிகளைச் சின்னச் சின்னதாக வெட்டினார்கள், அதிலிருந்து புதிய பாணியே பிறந்தது என்பது அவர்கள் வாதம். அன்று மெமரி தங்கத்தின் விலை விற்றது, வேறு வழியில்லை. இன்று அந்தக் கட்டுப்பாடு தேவை என்றால் அதை நானே வைத்துக்கொள்வேன். கடைக்காரர் எனக்கு வைக்க வேண்டாம்.

ஒரு பட்டன், மூன்று வேலை

அடுத்த எரிச்சல் ஷிப்ட் கீ. கம்ப்யூட்டரில் ஒரு வசதி எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் மெனுவைத் திறந்து தேடலாம். குரூவ்பாக்ஸில் இடம் குறைவு. எனவே ஒரே பட்டனுக்கு இரண்டு, மூன்று வேலைகள் கொடுத்திருப்பார்கள். தனியாக அழுத்தினால் ஒன்று, ஷிப்டுடன் அழுத்தினால் இன்னொன்று, அழுத்திப் பிடித்துக்கொண்டே குமிழைத் திருகினால் மற்றொன்று. இரண்டு வாரம் பெட்டியைத் தொடாமல் இருந்துவிட்டுத் திரும்பினால் பாதி மறந்திருக்கும்.

இதற்கு நான் பெரிய ஸ்கிரீன் கேட்கவில்லை. டச் ஸ்கிரீன் வைத்தால் மீண்டும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்ததுபோல் ஆகிவிடும். நான் கேட்பது எளிது. ஷிப்ட் பட்டனை அழுத்தியவுடன், இப்போது எந்தெந்தப் பட்டன் என்ன செய்யும் என்பதை இருக்கும் சின்ன ஸ்கிரீனிலேயே காட்டினால் போதும். ஒவ்வொரு நாள் வேலைக்கும் தேவையான சேவ், அண்டூ, காப்பி ஆகிய மூன்றுக்கும் தனித்தனி பட்டன் இருக்க வேண்டும்.

பேட்டர்ன் இருக்கிறது, பாட்டு எங்கே?

குரூவ்பாக்ஸ் வாங்கிய அனைவருக்கும் நேரும் அனுபவம் இது. முதல் மாதம் ஐம்பது பேட்டர்ன்கள் செய்திருப்பீர்கள். முழுப் பாட்டு ஒன்றுகூட முடிந்திருக்காது. காரணம், பெட்டி ஒரு வட்டத்தைச் சுற்றுவதற்காகவே அமைக்கப்பட்டது. 2014-இல் வந்த புதிய எலெக்ட்ரைபில் ஒரு பேட்டர்னின் அதிகபட்ச நீளம் 64 ஸ்டெப். வழக்கமான நான்கு தட்டுத் தாளத்தில் இது நான்கு சுற்று. ஒரு பல்லவி முடிவதற்குள் தீர்ந்துவிடும்.

பேட்டர்ன்களை வரிசையாக அடுக்கிப் பாட்டாக்கும் வசதிக்கு சாங் மோட் என்று பெயர். டிஜிடாக்ட் வெளிவந்தபோது இந்த வசதி அதில் இல்லை; சில ஆண்டுகள் கழித்து இலவச சாப்ட்வேர் அப்டேட்டாகத்தான் வந்தது. தாமதமானாலும் கொடுத்தார்களே என்று பாராட்டலாம். ஆனால் பாட்டு செய்யும் கருவியில் பாட்டை முடிக்கும் வசதி முதல் நாளே இருந்திருக்க வேண்டாமா?

நம் தாளங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 16 பட்டன் என்பது நாலு நாலாக எண்ணும் இசைக்கு ஏற்றது. மிஸ்ர சாபு போல ஏழு எண்ணிக்கைத் தாளம் வேண்டுமானால் 14 ஸ்டெப்பில் திரும்ப வேண்டும். பேட்டர்ன் நீளத்தை மாற்றும் வசதி பல பெட்டிகளில் உண்டு. டிஜிடாக்டில் ஒவ்வொரு டிராக்குக்கும் தனித்தனி நீளமே கொடுக்கலாம். வாங்கும்போது இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

உள்ளே போனது வெளியே வருமா?

இதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாக நினைக்கிறேன். ரோலண்ட் 1998-இல் வெளியிட்ட எம்சி-505 பெட்டியில் செய்ததைப் பிரதி எடுத்து வைக்க ஸ்மார்ட்மீடியா என்ற மெமரி கார்டு பயன்பட்டது. அந்தக் கார்டு வகையே சந்தையிலிருந்து மறைந்துவிட்டது. கார்டு கிடைத்தாலும், அதிலுள்ள பைலை வேறு எந்தப் பெட்டியில் திறப்பது? பெட்டி பழுதானால் அதில் அமைத்த பாட்டுகளும் அதனுடன் போய்விடும்.

இத்தனைக்கும் இசை உலகம் பொதுவான முறைகளை உருவாக்குவதில் முன்னோடி. 1983-இல் போட்டி நிறுவனங்கள் பலவும் கூடி மிடி என்ற பொது மொழியை ஏற்றுக்கொண்டன. அன்று வந்த ஒரு மிடி கீபோர்டை இன்றைய பெட்டியுடன் இணைத்தாலும் இரண்டும் பேசிக்கொள்ளும். இந்தப் பணிக்காக ரோலண்டின் இகுதாரோ காகேஹாஷிக்கும் அமெரிக்காவின் டேவ் ஸ்மித்துக்கும் 2013-இல் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது. மிடி பைல், வேவ் பைல் ஆகிய பொது வடிவங்களும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கின்றன. ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் பைலாகவும் மிடி பைலாகவும் சாதாரண மெமரி கார்டில் எழுதிக் கொடுத்தால், எந்தக் கம்ப்யூட்டரிலும் திறந்துகொள்ளலாம். பெட்டி போனாலும் பாட்டு பிழைக்கும்.

இதற்கு ஒரு படி மேலே போனது நியூசிலாந்தின் சின்த்ஸ்ட்ராம் நிறுவனம். தங்கள் டெலூஜ் பெட்டியின் சாப்ட்வேரை 2023-இல் ஓப்பன் சோர்ஸ் ஆக வெளியிட்டுவிட்டார்கள். இப்போது அதன் உரிமையாளர்களே சேர்ந்து தங்களுக்கு வேண்டிய வசதிகளை எழுதிச் சேர்க்கிறார்கள். நிறுவனம் கைவிட்டாலும் பெட்டி அனாதையாகாது.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

விளம்பரத்தில் எத்தனை ஒலிகள், எத்தனை எபெக்ட்கள் என்ற எண்ணிக்கைதான் பெரிய எழுத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டு இந்த ஐந்தைக் கேளுங்கள்.

1. திடீரென்று கரண்ட் போனால் செய்த வேலை என்ன ஆகும்? கடையிலேயே ஒரு பேட்டர்ன் செய்து, பிளக்கைப் பிடுங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

2. அண்டூ இருக்கிறதா? ஒரு படியா, பல படிகளா?

3. டிராக்குகளைத் தனித்தனி வேவ் பைலாகவும் மிடி பைலாகவும் வெளியே எடுக்க முடியுமா?

4. எந்த மெமரி கார்டு? கடைகளில் எளிதாகக் கிடைப்பதா?

5. பேட்டரியில் ஓடுமா? 2015-இல் வந்த நோவேஷன் சர்க்யூட் ஆறு சாதாரண ஏஏ பேட்டரிகளில் ஓடியது. பேட்டரி இருந்தால் இரண்டு விநாடி கரண்ட் கட் உங்களை ஒன்றும் செய்யாது.

அவசரம் வேண்டாம். ஒரு நல்ல குரூவ்பாக்ஸின் விலைக்கு ஒரு லேப்டாப்பே வாங்கிவிடலாம். உங்கள் வீட்டில்தான் ஏற்கனவே கம்ப்யூட்டர் இருக்கிறதே! எல்.எம்.எம்.எஸ். என்ற இலவச சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்யுங்கள். குரூவ்பாக்ஸில் இருப்பதுபோலவே வரிசையாகக் கட்டங்கள் வரும். மவுஸால் கிளிக் செய்து தாளம் அமைத்துப் பழகுங்கள். ஒலிகளை வெட்டவும் ஒட்டவும் ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேர் இருக்கிறது. ஆறு மாதம் இவற்றில் உழன்ற பிறகும் "கையால் குமிழைத் திருகியே ஆக வேண்டும்" என்று விரல்கள் துடித்தால், தாராளமாகப் பெட்டி வாங்குங்கள். அந்த இன்பத்தை மவுஸ் தருவதில்லை என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். இத்தனை குறை சொன்ன பிறகும் என் பெட்டியை நான் விற்கவில்லை.

போன மாதம் அந்தத் தவில்காரரை மீண்டும் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். பெட்டி என்னிடம் இருந்தது. மறுபடியும் வாசித்துக் கொடுத்தார். இந்த முறை ஒவ்வொரு அடிக்கும் ஒரு முறை சேவ் செய்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன யு.பி.எஸ். வைத்திருந்தேன். இரவே எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றி, இரண்டு பிரதி எடுத்துவிட்டேன். பெட்டி கற்காத பாடத்தை நாம்தானே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது!